ஏகம்பம் என்னும் விடை

வடமொழி அலங்கார சாஸ்திரத்தில் ஆசாரிய ஸ்தானம் பெற்றவரும், பல்லவர் காலத்துக் காஞ்சியில் ஏழாம் நூற்றாண்டின் இறுதியையும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி வாழ்ந்தவருமாகிய தண்டி, தம்முடைய காவியாதர்சத்தின் மூன்றாம் பரிச்சேதத்தில் பிரஹேளிகை என்னும் புதிர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உதாரணம் காட்டிக்கொண்டு வருகையில், ஓரிடத்தில் தாம் வாழ்ந்த ஊரையே புதிராக்கிவிடுகிறார். அந்த ஊருக்கு அவர் கொடுக்கும் அடையாளங்கள் இரண்டே. அதன் நடுவில் மூக்கொலி ஒன்று நிற்க, சுற்றிலும் நான்கு வர்ணங்கள் அதை அலங்கரிக்கும் என்பது ஒன்று. அங்கே அரசு செலுத்துவோரின் பெயர் எட்டு வர்ணங்களால் ஆனது என்பது மற்றொன்று. வர்ணம் என்பதற்கு எழுத்தென்றும் ஜாதியென்றும் இரண்டு பொருள் இருப்பதால், கேட்பவன் முதலில் நால்வகை வருணத்தாரும் குடியிருக்கும் ஏதோ ஒரு பட்டணத்தைத் தேடிக்கொண்டு போவான். போகட்டும் என்றுதான் ஆசிரியர் அந்தச் சொல்லைப் போட்டு வைத்திருக்கிறார். போனவன் அலைந்து திரும்பி வந்து, ககர மெய், ஆகாரம், ஞகர மெய், சகர மெய், ஈகாரம் என்று விரல்விட்டு எண்ணி, நடுவில் நிற்பது ஞகரம் என்று காணும்போது காஞ்சீ என்ற பெயர் அவனுக்குப் புலப்படும். அது புலப்பட்ட பிறகு, வடமொழியில் பல்லவர்கள் என்ற பன்மைச் சொல்லில் ஈற்று விஸர்க்கத்தோடு சேர்த்து எட்டு வர்ணங்கள் இருப்பதைக் காண்பதற்குப் பெரிய வித்வத் தேவையில்லை.

இந்த விளையாட்டுகளால் என்ன பிரயோஜனம் என்று முகம் சுளிப்பவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள் போலும். அவர்களுக்கும் தண்டி சமாதானம் சொல்லி வைத்திருக்கிறார். விளையாட்டுக்கென்று கூடும் கோஷ்டிகளில் பொழுது இனிமையாகக் கழிவதற்கும், நெருக்கமான கூட்டத்தின் நடுவே விஷயம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் அந்தரங்கமாகப் பேசிக்கொள்வதற்கும், பிறரைத் திகைக்க வைப்பதற்கும் பிரஹேளிகைகள் உபயோகப்படும் என்பது அவர் கொள்கை. சொன்னவர் வெறும் இலக்கணக்காரரும் அல்லர். தசகுமார சரிதத்தில், காதலியின் பற்பட்டுப் புண்ணான உதடுகளை உடைய மந்திரகுப்தனைக் கொண்டு, இதழ் குவிந்தோ ஒட்டியோ பிறக்கும் எழுத்து ஒன்றுகூட வராமல் ஒரு முழு அத்தியாயத்தையும் சொல்ல வைத்த மனிதர். அவர் எடுத்துச் சொன்ன மூன்று பயன்களுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுண்டு. புதிருக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரில் ஒருவருக்குச் சிறிது நேரமாவது விடை தெரியாமல் இருக்க வேண்டும்.

காவியாதர்சத்தைத் தழுவிச் சோழர் காலத்தில் தமிழில் எழுந்த தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரகவிகளைப் பன்னிரண்டாக எண்ணுகிறது. எழுத்தைக் கூட்டிக்கொண்டே போய் வேறு வேறு பொருள் காட்டுவது எழுத்து வருத்தனம். எழுத்தைக் குறைத்துக்கொண்டே வந்து அப்படிக் காட்டுவது அக்கரச் சுதகம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே முடிவது மாலைமாற்று. இன்றைக்குக் குழந்தைப் பத்திரிகைகளில் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பன்னிரண்டுக்குள் ஒரு பாட்டனாரைக் கண்டுபிடித்துவிடலாம். அவற்றுள் வினாவுத்தரம் என்பதற்குக் காட்டியிருக்கும் உதாரணச் செய்யுள் என்னை எப்போதும் ஆச்சரியத்தில் ஆழ்த்துவது. அதில் ஐந்து வினாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. தாமரைப் பூவில் இருக்கும் தேவி யார் என்றால் திரு. புறப்பட்டு நிற்பவனை அனுப்புகிறவன் என்ன சொல்லுவான் என்றால் ஏகு. போருக்குரிய சரத்துக்குப் பெயர் என்ன என்றால் அம்பு. அழகுக்குப் பெயர் என்ன என்றால் அம். பிறை சூடிய பெருமான் உவந்து வாழும் இடம் எது என்ற ஐந்தாவது வினாவுக்குத் தனியாக விடை தேட வேண்டியதில்லை. முன் வந்த நான்கையும் சேர்த்து உச்சரித்தால் திருவேகம்பம் என்று எங்கள் ஊர்க் கோவில் வந்து நிற்கும்.

இரண்டு தண்டி நூல்கள், இரண்டு பாஷைகள், இடையில் சில நூற்றாண்டுகள்; இரண்டிலும் விடை காஞ்சீபுரம். இதைச் சொல்லும்போது ஊர்ப்பெருமை சற்றுக் கலந்துவிடுகிறது என்பதை மறைப்பானேன்? ஆனால் புலவர்களின் இந்த உயர்ந்த விளையாட்டையும், தெருத் திண்ணையில் பாட்டி பேரனிடம் போடும் விடுகதையையும் இரண்டு வேறு குலமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறதே, அதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் என்பவற்றோடு பிசியையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். பிசி என்பது விடுகதைதான். இலக்கணம் அதற்குக் கொடுத்த ஆசனத்தைப் பிற்காலத்துப் பண்டிதர்கள்தாம் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்த நினைவுகள் எல்லாம் எழுவதற்குக் காரணம், சில வருஷங்களாக நம்மவர்களில் ஒரு சாரார் பழைய குழந்தைப் பாட்டுகளையும் கதைகளையும் சொற்புதிர்களையும் பரணிலிருந்தும் பழைய புத்தகக் கடையிலிருந்தும் தேடி எடுத்து, பக்கம் பக்கமாக ஒளிநகல் செய்து இணையத்தில் ஏற்றி, வேண்டியவர் எடுத்துக்கொள்க என்று தானம் செய்து வருவதுதான். எத்தனையோ பயனற்ற காரியங்களுக்கு இடமளிக்கும் அந்த ஆகாய வெளியில் இப்படி ஒரு தர்மம் நடக்கிறதென்பது மெய்யாகவே மகிழத்தக்க செய்தி. அவர்கள் ஏற்றும் சரக்கு சாமானியமானதும் அன்று. பாரதியார் பாப்பாப் பாட்டு பாடியது 1915இல். கவிமணியின் மலரும் மாலையும் வந்தது 1938இல். பாங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடிய அழ. வள்ளியப்பாவின் மலரும் உள்ளம் வந்தது 1944இல். நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து அம்புலிமாமாவைத் தொடங்கியது சுதந்திரம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1947 ஜூலையில். குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது 1950இல். பெரியசாமித் தூரனைப் பிரதம ஆசிரியராகக் கொண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரையில் வெளிவந்தது. குழந்தைக்கென்று எழுதுவதைப் பெரியவர்கள் ஒரு தேசியக் கடமையாகவே எண்ணிச் செய்த காலம் அது. அதற்கு முன்னும் அப்படி இருந்ததில்லை, பின்னும் அவ்வளவு இருந்ததாகச் சொல்ல முடியாது.

குழந்தைப் புத்தகத்துக்கு ஒரு விசித்திரமான தலைவிதி உண்டு. ஆராய்ச்சி நூலையோ வேதாந்த நூலையோ ஒருவர் வாங்கி வைத்தால், அவருடைய பேரன் காலம் வரையில் அது கட்டுக்குலையாமல் இருக்கும். காரணம், யாரும் அதைப் பிரிக்கமாட்டார்கள். குழந்தையின் கையில் கிடைத்த புத்தகமோ, அது நல்ல புத்தகமாக இருக்கும் அளவுக்கு விரைவில் அழிகிறது. அட்டை போகிறது, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போகின்றன, படங்கள் கத்தரிக்கப்பட்டுச் சுவரில் ஒட்டப்படுகின்றன, எஞ்சியது பழைய தாள் கடைக்கும் அங்கிருந்து பொட்டலம் கட்டவும் போகிறது. ஆகையால் இன்று நமக்கு முழுசாகக் கிடைக்கும் பிரதிகள் பெரும்பாலும் இரண்டு வகை வீடுகளிலிருந்து வந்தவை. ஒன்று, பன்னிரண்டு இதழ்களையும் சேர்த்துப் பைண்டு செய்து அலமாரியில் பூட்டி வைத்த கண்டிப்பான தகப்பனார் வீடு. மற்றொன்று, வாங்கியும் யாரும் படிக்காத வீடு. குழந்தைகள் எதை மிகவும் விரும்பினார்களோ அது காணாமற் போயிருக்கலாம் என்பதும், கிடைத்திருப்பதைக் கொண்டு அந்தக் காலத்துக் குழந்தைகளின் ரசனையை நிர்ணயம் செய்வது ஆபத்தான காரியம் என்பதும், இந்தத் தொண்டைச் செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய விஷயங்கள்.

சில பிரதிகளில் முந்திய சொந்தக்காரரின் பென்சில் அடையாளங்கள் ஒளிநகலிலும் விழுந்திருக்கின்றன. குறுக்கெழுத்துக் கட்டங்களில் பாதி நிரம்பியிருக்கும். ஓரிடத்தில் எழுதி அழித்த தடம் கறுப்பாகத் தேய்ந்திருக்கும். விடுகதைக்குப் பக்கத்தில் தவறான விடை அழகான கையெழுத்தில் இருக்கும். ஏற்றுகிறவர்களில் சிலர் சிரத்தை மிகுதியால் இவற்றையெல்லாம் கணிப்பொறியில் துடைத்துப் புத்தகத்தைப் புதிதாக்கிக் காட்டுகிறார்கள். இந்தத் துப்புரவு எனக்குச் சம்மதமில்லை. அச்சிட்ட எழுத்து வேறு பிரதிகளிலும் கிடைக்கும். ஏதோ ஓர் ஊரில் 1950களின் ஒரு கோடை விடுமுறையில் ஒரு சிறுவன் தவறிய தவறு வேறு எங்கே கிடைக்கும்?

தமிழில் இப்படி நூல்களை ஏற்றும் முயற்சி கூட்டாகத் தொடங்கியது 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று. சுவிட்ஸர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி முன்னின்று, உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சுச் செய்து அனுப்ப, மதுரைத் திட்டம் என்ற பெயரில் அது உருவாயிற்று. யாழ்ப்பாணத்து நூலகம் 1981இல் எரிக்கப்பட்டுச் சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட சமூகத்திலிருந்து 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே மற்றொரு முயற்சி எழுந்தது. பெரிய நூல்களோடு பள்ளி மலர்களையும் சிறு சஞ்சிகைகளையும்கூட ஒதுக்காமல் அது சேர்த்துக்கொண்டு வருவதன் காரணத்தை அந்தச் சாம்பலை நினைத்தால் அறியலாம். விக்கிமூலத்திலும் இன்று பழைய தமிழ் நூல்கள் ஏராளம். இந்தக் காரியம் இவ்வளவு சுலபமாக நடப்பதற்கு ஒரு பூர்வ புண்ணியமும் துணை செய்கிறது. பாரதியாரின் நூல்களை 1949இல் சென்னை ராஜதானி அரசாங்கம் தன் வசப்படுத்திப் பின்னர் பொதுச் சொத்தாக விட்டதும், அதை முன்மாதிரியாகக் கொண்டு பிற்காலத்து அரசாங்கங்கள் பல ஆசிரியர்களின் நூல்களை அவர்கள் குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியதும், நான் அறிந்தவரையில் வேறு நாடுகளில் எளிதில் காணக்கூடிய வழக்கம் அன்று. மற்ற ஆசிரியர்களுக்கு இந்தியச் சட்டப்படி அவர்கள் காலமான பிறகு 60 ஆண்டுகள் உரிமை நிற்கும்.

விடுகதைக்கோ ஆசிரியனும் இல்லை, உரிமையும் இல்லை. இந்த நிலையில், எந்தப் பாட்டி சொன்னதென்று எவருக்கும் தெரியாத ஒரு விடுகதையைப் படமாக்கி, அதன் குறுக்கே தம்முடைய பெயரை மங்கலான எழுத்தில் முத்திரை போட்டு அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது சிரிப்பதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கோவில் குளத்துத் தண்ணீரைச் செம்பில் மொண்டவன் செம்பில் தன் பெயரை வெட்டிக்கொள்ளலாம். தண்ணீரில் வெட்டப் பார்ப்பானேன்?

இத்தனை தொண்டினாலும் காக்கப்படாமல் நழுவிப் போவது ஒன்று உண்டென்பதே நான் சொல்ல வந்தது. பழைய குழந்தைப் பத்திரிகையில் புதிர் ஓர் இதழிலும் விடை அடுத்த இதழிலுமாக வருவது சம்பிரதாயம். அம்புலிமாமாவில் இரண்டு புகைப்படங்களை எதிரெதிரே போட்டு, அவ்விரண்டுக்கும் இயைபாக அமையும் தலைப்புகளைக் கேட்டு, தேர்ந்தெடுத்த ஜோடியைப் பின்னால் வரும் இதழில் அறிவிப்பார்கள். இந்த இடைவெளியில் நடப்பவை கொஞ்சமல்ல. தனக்குத் தோன்றியதே சரி என்று நம்பிக்கொண்டிருப்பது, வகுப்பில் வேறொருவன் வேறொன்று சொல்லும்போது கலங்குவது, அப்பாவிடம் கேட்டு அவருக்கும் தெரியவில்லை என்று அறிந்து ரகசியமாக மகிழ்வது, தபாலட்டை வாங்கிப் பெயரையும் விலாசத்தையும் முதன்முதலாகத் தன் கைப்பட எழுதுவது, மாதக் கடைசியில் கடைக்காரரிடம் போய் வந்துவிட்டதா என்று தினம் கேட்பது ஆகிய இவை யாவும் அந்தப் புதிரின் அவயவங்களே. ஒளிநகல் எடுத்தவர் ஒரு வருஷத்தின் பன்னிரண்டு இதழ்களையும் நமக்குக் கொடுத்துவிட்டார்; இதழ்களுக்கு நடுவே இருந்த பன்னிரண்டு மாதங்களை அவரால் கொடுக்க இயலாது. ஏப்ரல் மாதத்து வினாவுக்கு மே மாதத்து விடை விரல் நுனித் தூரத்தில் இருக்கிறது. அது இருக்கிறதென்று தெரிந்தபின் காத்திருப்பவன் ரிஷியாக இருக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தையை ரிஷியாக இருக்கச் சொல்வது நியாயமாகாது.

விடை சொல்லிவிடுவதில் உள்ள அபாயத்தை அந்தப் பத்திரிகையிலேயே ஓயாமல் வந்துகொண்டிருந்த ஒரு தொடர் வேறு விதமாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது என்பது, சின்ன வயதில் அதைப் படித்த யாருக்கும் அப்போது தோன்றியிருக்க இடமில்லை. விக்கிரமாதித்தன் மரத்தில் ஏறிப் பிணத்தை இறக்கித் தோளிலே போட்டுக்கொண்டு நடக்கிறான். உள்ளிருக்கும் வேதாளம் கதை சொல்லி முடிவில் ஒரு சந்தேகம் கேட்கிறது. தெரிந்திருந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் கதாசரித்சாகரத்தில் சேர்த்து வைத்த மூலக் கதையில், கடைசிக் கேள்விக்கு அரசனுக்கு மெய்யாகவே விடை தெரியாமற் போகிறது. தெரியாத அந்த மௌனத்தினால்தான் வேதாளம் இரங்கி, அவன் உயிரைக் காப்பாற்றும் உபாயத்தைச் சொல்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் ஒவ்வொரு கெட்டிக்கார விடைக்காகவும் மயானத்துக்குத் திரும்பி நடந்தவன், விடையின்மையால் கரையேறுகிறான். அம்புலிமாமாக்காரர்கள் அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்து சேராமலே புதிது புதிதாகக் கதைகளைக் கட்டிப் பல பத்தாண்டுகள் அவனை நடக்க வைத்தார்கள். 1952இல் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர், வாளை ஒரு கையில் பிடித்துப் பிணத்தைத் தோளில் சுமந்து திரும்பிப் பார்க்கும் அந்த அரசனை வரைந்து, 2020இல் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். பத்திரிகை அவருக்கு முன்பே நின்றுபோயிற்று. அரசன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்.

எங்கள் ஊரிலேயே, கல்லில் செதுக்கிய ஒரு பாலர் கதை இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோவில் பிரகாரச் சுவரில் பல்லவ வம்சத்தின் சரித்திரத்தை வரிசை வரிசையாகச் சிற்பமாக்கியிருக்கிறார்கள். அரசன் சந்ததியின்றி மாண்டபின், மந்திரிகளும் பிரஜைகளும் தூரதேசம் சென்று இரணியவர்மனிடம் அவன் மக்களில் ஒருவனைக் கேட்க, மூத்தவர்கள் எல்லாரும் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுப் பாலகன் ஒருவன் நான் போகிறேன் என்று எழுந்து நிற்கிறான். அவனே காஞ்சிக்கு வந்து இரண்டாம் நந்திவர்மனாக முடிசூடி நீண்டகாலம் ஆண்டவன். சில சிற்பங்களின் அடியில் இன்னது நடக்கிறது என்று எழுத்து இருக்கிறது. பல சிற்பங்களுக்கு இல்லை. எழுத்தில்லாத அந்த இடங்களில் நின்று பொருத்திப் பொருத்திப் பார்த்து ஆராய்ந்தவர் சி. மீனாட்சி அம்மையார், 1940இல் முப்பத்தைந்து வயதுகூட நிறையாத நிலையில் அவர் மறைய, அந்த ஆராய்ச்சி அடுத்த ஆண்டு நூலாக வந்தது. விடுமுறை நாட்களில் அங்கே வரும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். வழிகாட்டி ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு போகும் இடத்தில் அவர்கள் பராக்குப் பார்க்கிறார்கள். அவர் விளக்காமல் தாண்டிப்போன யானையின் முன்னால் இரண்டு பேர் நின்று, இது ஏன் இங்கே வந்தது என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

பட்டுத் தறியைச் சொல்லாமல் காஞ்சீபுரத்தைப் பற்றி எழுதுவது ஆகாது; இந்த விஷயத்தில் சொல்லியே தீர வேண்டும். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக நெய்து இரண்டையும் ஊடையிலேயே பூட்டிக்கொண்டு போகும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மறுகரையின் நாடாவை வாங்கி வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு சிறு பையனாகவே இருந்தான். பிள்ளையார்பாளையத்துப் பக்கம் நான் சிறுவனாக இருந்தபோது, அடுத்த வீட்டுத் தறியில் கையும் காலும் ஓயாமல் வேலை செய்ய, வாய்மட்டும் சும்மா இருந்ததால், நெசவுக்காரர் பையனிடம் விடுகதை போட்டுக்கொண்டே இருப்பார். வயிறு நிறைய நூல் வைத்திருக்கிறான், பகலெல்லாம் ஓடுகிறான், வாசற்படியைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை, அவன் யார்டா என்று ஒரு தடவை கேட்டார். பையன், எலி என்றான், சிலந்தி என்றான், எதிர்வீட்டு மாமா என்றான். விடையைக் கையில் பிடித்தபடியே அரைமுழம் நெய்யும் வரையில் திணறினான். நெசவுக்காரர் காட்டிக்கொடுக்கவே இல்லை.

இதைக் கேட்டு, ஆகா என்ன இனிய காலம் என்று உருகிவிடக் கூடாது. அந்தப் பையன் அங்கே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் விடுகதை அன்று; வீட்டார் முன்பணமாக வாங்கிய கடன். வள்ளியப்பாவின் பாட்டுகள் வெளிவந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவற்றைப் படிக்க வேண்டிய வயதில், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எங்கள் தெருக்களில் நாடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1986இல் சட்டம் வந்தும், தறியில் உட்கார்ந்த பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வேலை அதற்குப் பின்னும் நெடுங்காலம் நடக்க வேண்டியிருந்தது. பழைய குழந்தை இலக்கியத்தைப் பகிரும்போது, எந்தக் குழந்தையின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது, எந்தக் குழந்தையின் கைக்குச் சேரவில்லை என்ற கணக்கையும் உடன் வைக்க வேண்டும். அச்சுக்கு வந்த பாட்டு முதல் குழந்தைக்கு. இரண்டாவது குழந்தைக்கு நெசவுக்காரரின் வாய்மொழி. இணையத்தில் ஏறுவதெல்லாம் முதல் குழந்தையின் பங்குதான். இரண்டாவது குழந்தையின் பங்கைப் பதிவு செய்ய ஒளிநகல் இயந்திரம் போதாது. இன்னும் உயிரோடிருக்கும் கிழவர் கிழவிகளிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக.

பழைய பாட்டுகளிலும் கதைகளிலும் ஜாதியை ஏளனம் செய்வதும், கறுத்த நிறத்தைப் பழிப்பதும், பெண்பிள்ளையைச் சமையலறைக்கு அனுப்புவதும் உண்டு. அவற்றை ஏற்றுவதா, நீக்குவதா என்று விவாதம் செய்கிறார்கள். என் அபிப்பிராயம் எளிது: ஆவணமாக வைக்கும் பிரதியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது, குழந்தைக்குச் சொல்லும்போது எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தம் எந்தப் பாட்டிக்கும் எக்காலத்திலும் இருந்ததில்லை.

எங்கள் உறவினர்களின் வாட்ஸாப் குழுவில், சின்னக் காஞ்சீபுரத்தில் இருக்கும் பெரியம்மா ஒருத்தி வெள்ளிக்கிழமைதோறும் பழைய விடுகதை ஒன்றைத் தன் குரலிலேயே பேசி அனுப்புவது வழக்கம். மற்றவர்கள் அனுப்பும் புதிர்களுக்கு அடியிலேயே விடையும் ஒட்டிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் ஐந்து நிமிஷத்தில் ஒருவர் எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டுவிடுவார். பெரியம்மாவின் விடுகதைகள் தேடினால் கிடைப்பதில்லை; அவள் பிறந்த கிராமத்துக்கு வெளியே அவை போனதில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஒரு பேத்தி, "பாட்டி, ஒரு துப்பாவது குடுங்களேன்" என்று கெஞ்சுகிறாள். "பொறுடி, ராத்திரி வரைக்கும் யோசி" என்று பதில் வருகிறது. ராத்திரியும் விடை வருவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரையில் வருவதில்லை. தண்டி சொன்ன கோஷ்டி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடல் கடந்து உட்கார்ந்திருப்பதால் அது கோஷ்டி அல்லாமற் போகாது. ஆகவே இயந்திரத்தின்மேல் பழி போடுவதில் எனக்கு உற்சாகமில்லை. அடக்கம் வேண்டியது விடை தெரிந்தவருக்கு.

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர், பழைய பத்திரிகைகளிலிருந்து சொற்புதிர்களை மட்டும் பிரித்துத் தட்டச்சுச் செய்து இணையத்தில் சேர்த்து வருகிறார். விடைகளை உடன் போடாதீர் என்று அவரிடம் நான் வாதாடியதுண்டு. "ஏனய்யா, விடையில்லாத புதிரை இந்தக் காலத்துப் பிள்ளை எவன் திறந்து பார்ப்பான்? அடுத்த நிமிஷம் வேறெதற்காவது போய்விடமாட்டானா?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், என்னிடம் அதற்குத் தக்க பதில் இல்லை. ஆயினும் என் மனம் கோணாமலிருக்க ஒரு சமரசம் செய்தார். ஒவ்வொரு தொகுதியின் விடைகளையும் தனியே எடுத்து, ஒரு மாதம் கழித்தே வெளியிடுவதென்று வைத்துக்கொண்டார். சென்ற முறை பார்த்தபோது, விடை எங்கே, ஏன் தாமதம் என்று வந்து குவிந்திருந்த புகார்களைக் காட்டினார். பிள்ளைகள் எழுதியவை அவற்றில் இரண்டோ மூன்றோதான் இருந்தன, அவையும் தாங்கள் கண்ட விடை சரியா என்று கேட்பவை. மற்றவையெல்லாம் ஐம்பதைக் கடந்தவர்களிடமிருந்து வந்தவை.